புதுப்பிப்பு: சிங்கராஜ வனத்துக்குப் பிப்ரவரியில் போகிறோம்

முதன்முறையாக ஒரு மழைக்காட்டுக்குப் போக ஆசை, இலங்கையின் சிங்கராஜாவுக்கு எந்த மாதம், எந்த வாசல் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. முடிவாகிவிட்டது.

மாதம் பிப்ரவரி. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் பெய்யும் காடு அது. முழுக்க வறண்ட மாதம் கிடையாது. ஆண்டின் தொடக்க மாதங்களில் மழை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

வாசல்: தெனியாயவா குடாவவா என்பதில் குடாவ. காரணம் பறவைகள்தான். இங்கே பல இனப் பறவைகள் ஒரே கூட்டமாகச் சேர்ந்து இரை தேடும். சிலம்பன் பறவைகள் இலைகளைக் கிளறும்போது பறக்கும் பூச்சிகளைக் கரிச்சான் குருவி பிடிக்கும்; ஆபத்து வந்தால் குரல் கொடுப்பதும் அதுவே. கூட்டம் வரும்வரை காடு வெறிச்சோடிக் கிடக்கும், வந்தால் எங்கே பார்ப்பது என்றே தெரியாதாம். இதற்காகவே ஒரு நாள் கூடுதலாகத் தங்குகிறோம். இலங்கைக்கே உரிய நீல மேக்பை பறவையும் கண்ணில் பட்டால் பெரும் பாக்கியம்!

பைனாகுலர் 8×42 (8 மடங்கு பெரிதாக்கும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம்) வாங்கினேன். மரங்களின் இலைக்கூரைக்குக் கீழே வெளிச்சம் குறைவு. அங்கே 10×25 போன்ற சின்னது போதாது.

இரத்தம் குடிக்கும் அட்டைகளைத் தடுக்க முழங்கால்வரை வரும் நெருக்கமான துணி உறை. காலில் உப்பு தடவினால் அது மழையில் கரைந்துவிடும் என்று சொன்னவரின் பேச்சைக் கேட்டுக்கொண்டேன்.

உள்ளூர் வழிகாட்டியையும் பேசியாயிற்று. இனி ஒரு கேள்விதான்: கொழும்பிலிருந்து குடாவ வாசலுக்குப் போகும் வழியில் உள்ள கலவானை ஊருக்குப் பேருந்தில் போனவர்கள் யாராவது உண்டா?