ஸ்ட்ராட்ஃபோர் ஊடுருவல்: எஃப்.பி.ஐ. பார்த்துக்கொண்டிருந்ததா, நடத்தியதா?

நெய்தல்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உள்ள ஸ்ட்ராட்ஃபோர் என்ற தனியார் உளவுத்தகவல் நிறுவனத்தின் கணினிகளுக்குள் 2011 டிசம்பரில் நடந்த ஊடுருவலைப் பற்றிச் சில வாரங்களாகப் படித்து வருகிறேன். பெயர் மறைத்து இயங்கும் இணைய ஆர்வலர்களின் அனானிமஸ் இயக்கத்திலிருந்து கிளைத்த ஆன்டிசெக் குழுவினர் சுமார் 60,000 கிரெடிட் கார்டு எண்களை எடுத்தார்கள். அவர்கள் எடுத்த ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்களை 2012 பிப்ரவரி முதல் விக்கிலீக்ஸ் வெளியிட்டது. ஊடுருவியவர்களில் ஒருவரான ஜெரமி ஹேமண்ட் குற்றத்தை ஒப்புக்கொண்டு பத்து ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

என்னை உறுத்துவது இதுதான். குழுவின் நடுநாயகமாக இருந்த 'சாபு', அதாவது ஹெக்டர் சேவியர் மோன்செகுர், 2011 ஜூன் மாதமே கைதாகி எஃப்.பி.ஐ.யின் ஆளாக மாறிவிட்டார். ஊடுருவல் நடந்தபோது அவர் அவர்களுடைய கண்காணிப்பில்தான் இருந்தார். திருடிய தரவைச் சேமிக்க நியூ யார்க்கில் ஒரு சர்வரை அவர் கொடுத்ததும் எஃப்.பி.ஐ. சொல்லித்தான் என்று அரசின் குற்றப் புகாரே கூறுகிறது. அதே காலத்தில், 2011 நவம்பர் 30 அன்று, தனியார் நிறுவனங்கள் தங்களிடமுள்ள தகவல்களை அரசுடன் பகிர வழிசெய்யும் சிஸ்பா மசோதா அறிமுகமானது. டிசம்பர் 31 அன்று கையெழுத்தான பாதுகாப்புத் துறைச் சட்டத்தின் 954ஆம் பிரிவு, அதிபரின் ஆணைப்படி இணையவெளியில் தாக்குதல் நடத்தும் திறன் ராணுவத்துக்கு உண்டு என்று உறுதிசெய்தது. அடுத்த அக்டோபரில் சைபர் போருக்கான அதிபர் ஆணை எண் 20 வந்தது.

மக்களைப் பயமுறுத்தி அதிகாரத்தைப் பெருக்கிக்கொள்வதற்காக, ஆர்வலர்களின் பெயரில் அரசே நடத்திய தாக்குதல் இது என்று கருத இடம் உண்டா? ஊகமாக இல்லாமல், வெளிவந்த ஆவணங்களை வைத்துப் பதில் சொல்வீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

வழக்குப்படிப்போன்:

நண்பருக்கு வணக்கம். இந்த வழக்கின் நீதிமன்ற ஆவணங்களை அவை வெளிவந்த காலத்திலேயே தொடர்ந்து படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

தன் நிறுவனத்துக்குள் ஊடுருவல் நடந்துவிட்டதைத் தான் டிசம்பர் தொடக்கத்திலேயே அறிந்ததாகவும், மறுநாள் காலையில் ஓர் எஃப்.பி.ஐ. அதிகாரியைச் சந்தித்ததாகவும் ஸ்ட்ராட்ஃபோரின் தலைவர் ஜார்ஜ் ஃப்ரீட்மன் பின்னர் பகிரங்கமாகச் சொன்னார். சர்வர்கள் அழிக்கப்பட்டு, திருட்டு உலகுக்குத் தெரிந்ததோ டிசம்பர் 24 அன்று. ஆகவே இரண்டு, மூன்று வாரங்கள் எஃப்.பி.ஐ.க்குத் தெரிந்தே திருட்டு தொடர்ந்தது. அந்தக் கார்டுகளில் சுமார் ஏழு லட்சம் டாலர் மோசடிச் செலவு ஏறியது. இதில் எனக்கு ஐயமே இல்லை. ஹேமண்ட் இன்னும் ஒரு படி மேலே போய், சாபு சொல்லும்வரை ஸ்ட்ராட்ஃபோர் என்ற பெயரையே தான் கேள்விப்பட்டதில்லை என்று தண்டனை அறிவிக்கப்பட்ட நாளில் நீதிமன்றத்தில் கூறினார். தண்டனையை எதிர்நோக்கி நின்றவரின் சொல் அது என்பதால் அதற்குரிய எடையை மட்டுமே கொடுக்கிறேன். ஆனால் புறக்கணிக்க மாட்டேன்.

இருந்தாலும், அரசே வேடம் போட்டு நடத்திய தாக்குதல் என்று இதை அழைக்க முடியாது. உள்ளே நுழைந்தவர் உண்மையான ஆர்வலர். தனியார் உளவு நிறுவனங்கள் மக்களை வேவு பார்ப்பதை அம்பலப்படுத்தவே அதைச் செய்ததாக அவரே சொன்னார், இறுதிவரை அந்த நிலையிலிருந்து இறங்கவில்லை. நடந்தது வேறு, என் பார்வையில் அதைவிடக் கவலைக்குரியது. பிரேசில், துருக்கி, ஈரான் போன்ற நாடுகளின் அரசுத் தளங்களைச் சாபுதான் தனக்கு இலக்குகளாகக் கொடுத்தார் என்று ஹேமண்ட் கூறத் தொடங்கியபோது, நீதிபதி லொரெட்டா ப்ரெஸ்கா குறுக்கிட்டு அந்த நாடுகளின் பெயர்களைப் பதிவிலிருந்து மறைக்கச் சொன்னார். 2014 ஏப்ரலில் நியூ யார்க் டைம்ஸ், மக்கள் பார்வைக்கு வராமல் முத்திரையிடப்பட்ட நீதிமன்ற ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு, ஈரான், சிரியா, பிரேசில், பாகிஸ்தான் உள்ளிட்ட நாடுகளின் தளங்களும் அடங்கிய ஈராயிரத்துக்கும் மேற்பட்ட இணைய முகவரிகள் சாபு கொடுத்த இலக்குப் பட்டியலில் இருந்தன என்று எழுதியது. அதற்கு எஃப்.பி.ஐ. நேரடியாக உத்தரவிட்டதா என்பது தெளிவாகவில்லை என்றும் அதே செய்தி நேர்மையாகச் சொன்னது.

அரசு அமைப்பின் கண்காணிப்பில் இருக்கும் ஒருவர், அந்நிய அரசுகளின் கணினிகளை உடைக்கச் சொல்லி ஆர்வலர்களைத் தூண்டினால், அது யாருடைய செயல்? நாடாளுமன்றத்துக்கும் தெரியாமல், ராணுவக் கட்டளை வரிசைக்கும் உட்படாமல், யாரும் பொறுப்பேற்க வேண்டாத ஒரு சைபர் நடவடிக்கை அது. கடைசியில் சிறைக்குப் போனவர் தூண்டப்பட்டவர். சாபுவோ, முந்நூறுக்கும் மேற்பட்ட தாக்குதல்களைத் தடுக்க உதவினார் என்ற அரசுத் தரப்பின் பரிந்துரையோடு, ஏற்கெனவே கழித்திருந்த ஏழு மாதச் சிறையுடன் வெளியே வந்தார்.

நீங்கள் அடுக்கிய தேதிகளுக்கு வருகிறேன். அதிபர் ஆணை எண் 20 ரகசியமாகக் கையெழுத்தானது. 2013 ஜூனில், அமெரிக்க உளவு ரகசியங்களை அம்பலப்படுத்திய ஸ்னோடன் வழியாகக் கார்டியன் நாளிதழ் வெளியிட்ட பிறகே அதன் முழு வாசகத்தை மக்கள் பார்த்தார்கள். மக்களைப் பயமுறுத்தி ஆதரவு திரட்டுபவருக்கு மக்கள் பார்க்கும்படியான சட்டம் தேவை, ரகசிய ஆணைக்கு அந்தப் பயம் தேவையே இல்லை. ஈரானின் யுரேனியச் செறிவூட்டல் எந்திரங்களைச் சிதைத்த, அமெரிக்காவின் கைவேலை என்று பரவலாகக் கருதப்படும் ஸ்டக்ஸ்நெட் என்ற கணினி நிரல் கண்டுபிடிக்கப்பட்டதே 2010 ஜூனில். 954ஆம் பிரிவு எழுதப்படும் முன்பே அந்த அதிகாரம் பயன்படுத்தப்பட்டு விட்டது. சிஸ்பாவோ கீழவையில் இருமுறை நிறைவேறியும் செனட்டில் தேங்கிப்போனது. அதை ஒத்த சட்டம் 2015 டிசம்பரில்தான் நிறைவேறியது. அந்த ஆண்டு நாட்டை உலுக்கியது, 2.15 கோடிப் பேரின் விவரங்கள் அரசுப் பணியாளர் அலுவலகத்திலிருந்து திருடப்பட்ட செய்தி. அதில் ஆர்வலர் எவருக்கும் பங்கில்லை.

மலைநாடன்:

வழக்குப்படிப்போன் ஐயா அவர்களின் முடிவை ஏற்கிறேன். ஆனால் சந்தேகப்படுபவர்களிடம் காரணமே இல்லை என்ற எண்ணம் வாசகருக்கு வந்துவிடக் கூடாது. 2011 பிப்ரவரியில் எச்.பி.கேரி ஃபெடரல் என்ற அமெரிக்கக் கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் மின்னஞ்சல்களை அனானிமஸ் வெளியிட்டபோது, விக்கிலீக்ஸுக்குப் போலி ஆவணங்களை அனுப்பி, அது வெளியிட்ட பிறகு பொய் என்று நிரூபித்து அதன் நம்பகத்தன்மையைக் கெடுக்கலாம் என்ற திட்ட முன்வரைவு அதில் இருந்தது. அனானிமஸ் உறுப்பினர்கள் கூடிய அரட்டைத் தளங்களை பிரிட்டனின் ஜி.சி.எச்.கியூ. உளவு அமைப்பே, கோரிக்கைகளைக் குவித்துத் தளத்தைத் திணறடிக்கும் சேவை மறுப்புத் தாக்குதலால் முடக்கியதை 2014 பிப்ரவரியில் வெளியான ஸ்னோடன் ஆவணம் காட்டியது. சாதாரண இளைஞர்களை எந்தச் செயலுக்காகச் சிறையில் அடைத்தார்களோ, அதே செயலை அரசும் செய்தது. இவற்றைப் படித்தவர் சந்தேகப்படாமல் எப்படி இருப்பார்?

அரசு ஆர்வலர் வேடம் போட்டதற்கு நிறுவப்பட்ட உதாரணங்களும் உண்டு. ஆனால் அவற்றில் தாக்கியது அந்நிய அரசு. 2015 ஏப்ரல் 8 இரவு பிரான்சின் டி.வி.5 மோந்த் தொலைக்காட்சியின் பன்னிரண்டு அலைவரிசைகளும் இருண்டன. 'சைபர் கலிஃபேட்' என்ற பெயரில் ஐ.எஸ். ஆதரவு வாசகங்கள் அதன் சமூக ஊடகப் பக்கங்களில் தோன்றின. மறுநாள் மூன்று அமைச்சர்கள் நேரில் வந்து நின்றார்கள். அதிலிருந்து ஐந்தாம் நாள், உளவு அமைப்புகளுக்கு விரிந்த அதிகாரம் தரும் மசோதாவின் விவாதம் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் தொடங்கியது. நெய்தல்வாசியின் தர்க்கத்தை இங்கே பொருத்தினால் பிரெஞ்சு அரசுதான் குற்றவாளி என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் மசோதா மார்ச் மாதமே தாக்கல் செய்யப்பட்டிருந்தது. ஊடுருவியவர்களோ ஜனவரியிலிருந்தே உள்ளே இருந்தார்கள். ஜூன் மாதத்திற்குள் பிரெஞ்சு விசாரணை ரஷ்யாவோடு தொடர்புடைய ஏ.பி.டி. 28 என்ற ஊடுருவல் குழுவை நோக்கித் திரும்பியது. 2018 அக்டோபரில் பிரிட்டன், 'சைபர் கலிஃபேட்' என்பது ரஷ்ய ராணுவ உளவுத்துறையோடு தொடர்புடைய பெயர்களில் ஒன்று என்று வெளிப்படையாக அறிவித்தது. ஷார்லி எப்டோ பத்திரிகை அலுவலகத்தில் தொடங்கிய ஜனவரிப் படுகொலைகளின் துக்கம் ஆறாதிருந்த ஒரு நாட்டில், ஜிஹாதிகள் தொலைக்காட்சியையே கைப்பற்றிவிட்டார்கள் என்ற அச்சத்தை விதைக்க அந்த வேடம் போதுமானதாக இருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

சட்டம் எப்போது வந்தது என்பதை மட்டும் வைத்துக் குற்றவாளியைத் தேடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். காவிரிக் கரையில் கால்தடம் கண்டவன் அது யாருடைய செருப்பு என்று சொல்லலாம், செருப்புக்குள் இருந்த கால் யாருடையது என்று சொல்ல முடியாது.

திண்ணைவாசகி:

அப்படியானால் என்னைப் போன்ற சாதாரண வாசகி யாரை நம்புவது? "இன்ன நாடு செய்தது" என்று அறிவிப்பதும் அரசுதான், ஆதாரத்தை ரகசியம் என்று மூடி வைப்பதும் அரசுதான். வேடம் போடக்கூடிய அரசே வேடத்தைக் கலைத்துக் காட்டுகிறேன் என்று சொன்னால், அதை ஏற்க எனக்கு என்ன பிடிமானம் இருக்கிறது?

வழக்குப்படிப்போன்:

அம்மையாருக்கு. நான் முதலில் பார்ப்பது, சொல்பவர் தம் நலனுக்கு எதிராகச் சொல்கிறாரா என்பதை. 2018 பிப்ரவரியில் தென்கொரியாவின் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழாவைக் குலைத்த தீநிரலில் (கணினிகளைக் கெடுக்கும் நிரல்), வடகொரியாவின் லாசரஸ் ஊடுருவல் குழுவினுடையதைப் போன்ற கையெழுத்து இருந்தது. நிரல் உருவான சூழலைப் பதிவுசெய்யும் தலைப்புப் பகுதி வேண்டுமென்றே போலியாகச் சேர்க்கப்பட்டது என்று நிரூபித்தது காஸ்பர்ஸ்கி என்ற ரஷ்ய நிறுவனம். வடகொரியாவின் மேல் பழி நின்றிருந்தால் லாபம் ரஷ்யாவுக்கே என்ற நிலையிலும் அந்த ஆய்வாளர்கள் அதை உடைத்தார்கள். இரண்டாவதாக, அறிக்கையையும் குற்றப்பத்திரிகையையும் நான் ஒன்றாக வைப்பதில்லை. 2020 அக்டோபரில் அமெரிக்கா, இந்த ஒலிம்பிக் தாக்குதலையும் சேர்த்து, ரஷ்ய ராணுவ உளவு அதிகாரிகள் ஆறு பேரைப் பெயரும் படைப்பிரிவு எண்ணும் குறிப்பிட்டுக் குற்றஞ்சாட்டியது. அதில் ஒவ்வொரு வரியையும் பிறர் சரிபார்க்கலாம், மறுக்கலாம். "எங்கள் உளவுத்துறை உறுதியாக நம்புகிறது" என்ற ஒற்றை வாக்கியத்தில் சரிபார்க்க ஒன்றுமில்லை.

நெய்தல்வாசி:

இருவருக்கும் நன்றி. என் கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். எஃப்.பி.ஐ. வேடம் போட்டதா என்பதை விட்டுவிடுவோம். சாபு செய்தவற்றுக்கு அனுமதி கொடுத்தது யார் என்பதை அறிய ஏதாவது வழி உண்டா?

வழக்குப்படிப்போன்:

உண்டு, அது காகிதத்தில் இருக்க வேண்டும். எஃப்.பி.ஐ.க்குத் தகவல் தருபவர் சட்டத்துக்குப் புறம்பான ஒன்றைச் செய்ய வேண்டுமானால், அதற்கு முன்கூட்டியே எழுத்து வடிவில் அனுமதி பெற வேண்டும் என்று அந்நாட்டு அட்டர்னி ஜெனரலின் நெறிமுறைகள் கூறுகின்றன. 2011ஆம் ஆண்டில் மட்டும் அத்தகைய அனுமதி குறைந்தது 5,658 முறை கொடுக்கப்பட்டதை யு.எஸ்.ஏ. டுடே நாளிதழ் 2013இல் வெளிக்கொணர்ந்தது. ஆன்டிசெக் இயங்கிய ஆண்டும் அதுவே. ஸ்ட்ராட்ஃபோர் தரவை ஏற்க சர்வர் கொடுத்ததற்கும், வெளிநாட்டுத் தளங்களின் பட்டியலைக் கைமாற்றியதற்கும் தனித்தனி அனுமதி இருந்ததா, இருந்தால் கையெழுத்திட்டவர் யார், இல்லையென்றால் பிறகு யார் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பவைதான் விடை தேவைப்படும் கேள்விகள். சாபுவின் உரையாடல் பதிவுகளும் வழக்கின் பிற ஆவணங்களும், வெளியிடுவதைத் தடுக்கும் நீதிமன்றப் பாதுகாப்பு ஆணையின் கீழ் முத்திரையிடப்பட்டன. அவற்றில் சில மட்டுமே பத்திரிகையாளர்களின் கைக்குக் கசிந்தன. அந்த ஆணையை நீக்கக் கோருவதும், தகவல் அறியும் சட்டத்தின் கீழ் அனுமதிப் படிவங்களைக் கேட்பதும், பலனளிக்கக்கூடிய வழிகளாக எனக்குத் தெரிகின்றன.