எல்டி.எஸ்ஓ-வுக்குள் விழும் நிரல்: புதிய சர்வரில் மட்டும், முதல் அழைப்பில் மட்டும்

ராக்கோழி:

மூன்று நாளாக ஒரே கோர் டம்ப்பைப் (நிரல் விழுந்த கணத்தின் நினைவகப் பதிவு) பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் கண்ணை இனி நம்ப முடியாது, உங்கள் கண்ணைக் கடன் கேட்கிறேன்.

சி மொழியில் எழுதிய சிறிய சேவை. வரும் ஒவ்வொரு இணைப்புக்கும் நானே எழுதிய ஒரு கோரூட்டீன் (இடையில் நிறுத்தித் தொடரக்கூடிய செயற்கூறு). ஒவ்வொன்றுக்கும் 4096 பைட் ஸ்டாக் (தற்காலிக மதிப்புகளுக்கான, கீழ்நோக்கி வளரும் நினைவகம்), அதற்குக் கீழே எவரும் தொட முடியாதபடி எம்புரொடெக்ட் போட்டு மூடிய ஒரு பக்கம். டெபியனில் கட்டிய பைனரி பழைய சர்வரில் இரண்டு ஆண்டுகளாக முனகாமல் ஓடுகிறது. போன வாரம் அதை அப்படியே புதிய சர்வருக்கு மாற்றினோம். முதல் இணைப்பு வந்த உடனே செக்மென்டேஷன் ஃபால்ட்: தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு நிரல் விழுகிறது.

ஜிடிபி என்ற பிழைதேடும் கருவி காட்டும் இடம் என் நிரலே அல்ல. நிரலை ஓடும்போது லைப்ரரிகளோடு இணைக்கும் டைனமிக் லிங்கருக்குள் (எல்டி.எஸ்ஓ), டிஎல்_ரன்டைம்_ரிசால்வ்_எக்ஸ்சேவ்சி. விழும் கட்டளையோ ஸ்டாக்கின் நுனியைச் சுட்டும் ஆர்எஸ்பி ரெஜிஸ்டர் காட்டும் இடத்தில் ஆர்ஏஎக்ஸ் ரெஜிஸ்டரை எழுதும் சாதாரண மூவ்.

புரியாதவை இரண்டு. எல்லா முகவரிகளையும் தொடக்கத்திலேயே தேடச் சொல்லும் எல்டி_பைண்ட்_நவ்=1 என்று வைத்து ஓட்டினால் விழுவதில்லை. என் உபுண்டு மடிக்கணினியில் கட்டிய பைனரியை அதே புதிய சர்வரில் ஓட்டினாலும் விழுவதில்லை. ஜிலிப்சியில் (இந்த லிங்கரும் அடங்கிய சி லைப்ரரி) பிழை என்று புகார் எழுதப் பாதி தட்டிவிட்டேன். அனுப்பலாமா?

பழஞ்சோறு:

அனுப்பாதீர்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

விழும் கட்டளைக்கு மேலே உள்ள நான்கைந்து வரிகளைப் பாருங்கள். ஆர்எஸ்பியின் மதிப்பு ஆர்பிஎக்ஸில் எடுத்து வைக்கப்படும். பிறகு ஆர்எஸ்பி 64-இன் மடங்காகக் கீழிறங்கும். அடுத்து ஒரு சப், அதாவது கழித்தல். அதில் கழிக்கும் எண் கட்டளையிலேயே இருக்காது, நினைவகத்திலிருந்து படிக்கப்படும். உங்கள் வில்லங்கம் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

வெளி லைப்ரரியில் உள்ள ஒரு செயற்கூற்றை முதல் முறை அழைக்கும்போதுதான் லிங்கர் அதன் முகவரியைத் தேடுகிறது. தேடி முடித்ததும் முகவரிகளைக் குறித்து வைக்கும் கோட் (GOT) அட்டவணையில் எழுதிவிடும், அடுத்த முறை நேராகப் போகலாம். தேடும் நேரத்தில் அழைத்தவருடைய ரெஜிஸ்டர்கள் கெடக்கூடாது அல்லவா? அதனால் வெக்டர் ரெஜிஸ்டர்களை (பல எண்களை ஒன்றாகக் கையாளும் பெரிய ரெஜிஸ்டர்கள்) எல்லாம் அழைத்தவருடைய ஸ்டாக்கிலேயே சேமிக்கிறது. 2018-இல் வந்த ஜிலிப்சி 2.27 முதல் இப்படித்தான். அதற்கு முன்பு வாதங்கள் வரும் ரெஜிஸ்டர்களை மட்டும் காத்தது. வேறு ரெஜிஸ்டர்களிலும் மதிப்பைக் கொடுத்து அழைத்த நிரல்கள் அடி வாங்கியதால் மாற்றினார்கள்.

எவ்வளவு இடம் என்பதைப் பிராசசர் முடிவு செய்யும். அதில் ஏவிஎக்ஸ்2 என்ற வெக்டர் கட்டளைத் தொகுதி என்றால் 16 ரெஜிஸ்டர்கள், ஒவ்வொன்றும் 32 பைட். ஏவிஎக்ஸ்-512 என்றால் 32 ரெஜிஸ்டர்கள், ஒவ்வொன்றும் 64 பைட்: அதுவே 2048. உங்கள் புதிய சர்வரில் ஏவிஎக்ஸ்-512 இருக்கிறது என்று பந்தயம் கட்டுகிறேன். கோர் டம்ப்பில் ஆர்பிஎக்ஸிலிருந்து ஆர்எஸ்பியைக் கழித்துச் சொல்லுங்கள்.

எருக்கம்பூ:

உபுண்டு புதிருக்கு என்னிடம் விடை உண்டு. லிங்கருக்கான குறிப்புகளைக் காட்டும் ரீட்எல்ஃப் -டி கட்டளையை இரண்டு பைனரிகளுக்கும் போட்டு ஒப்பிடுங்கள். உபுண்டுவில் கட்டியதில் பைண்ட்_நவ் என்று ஒரு வரி இருக்கும். உபுண்டுவின் ஜிசிசி 16.10 பதிப்பிலிருந்து அதைக் கேட்காமலே சேர்க்கிறது, டெபியனுடையது சேர்ப்பதில்லை. அது இருந்தால் எல்லா முகவரிகளும் தொடக்கத்திலேயே, மெயின் ஸ்டாக்கில் இருக்கும்போதே தேடப்பட்டுவிடும். கட்டும்போது லிங்கருக்கு -இசட் நவ் கொடுத்தால் டெபியனிலும் சரியாகிவிடும்.

பழஞ்சோறு:

சரியாகாது, ஒளிந்துகொள்ளும். அந்தக் குறி அதைத் தாங்கும் கோப்புக்கு மட்டுமே செல்லும். நிரல் அழைக்கும் லைப்ரரி அதில்லாமல் கட்டப்பட்டிருந்தால், அது இன்னொரு லைப்ரரியை முதன்முதலாக அழைக்கும்போது இதே கதைதான். சிக்னலும் (கர்னல் நிரலுக்கு அனுப்பும் குறுக்கீடு) இருக்கிறது. கோரூட்டீன் ஓடும்போது சிக்னல் வந்தால், கர்னலும் இதே ரெஜிஸ்டர்களை இதே ஸ்டாக்கில்தான் கொட்டும். தனி சிக்னல் ஸ்டாக் வைத்திருந்தால் அதன் அளவையும் பாருங்கள். சிக்னல் ஸ்டாக்கின் குறைந்தபட்ச அளவைக் குறிக்கும், 2048 என்று நிலையாக இருந்த மின்சிக்ஸ்டிகேஎஸ்இசட் இதற்குப் போதவில்லை. அதனால்தான் 2021-இல் ஜிலிப்சி 2.34, ஓடும்போது சிஸ்கான்ஃப் என்ற செயற்கூறு வழியாக அளவைக் கேட்டுக்கொள்ள வழி செய்தது. அந்தப் பெயர் நிலையான எண்ணாக இல்லாமல் போனதால், அதை வைத்து அரே அறிவித்திருந்த நிரல்கள் பல கட்டப்படாமல் நின்றன. நானும் அன்று திட்டியவன்தான்.

ராக்கோழி:

பந்தயத்தில் வென்றுவிட்டீர்கள். புதிய சர்வரில் வித்தியாசம் 2528. பழையதில் பிரேக்பாயின்ட் வைத்துப் பார்த்தேன்: 928.

என் பங்கையும் ஒப்புக்கொள்கிறேன். கோரூட்டீனின் முதல் செயற்கூற்றில் 2048 பைட் பஃபர் ஒன்றை ஸ்டாக்கிலேயே வைத்திருக்கிறேன். 4096-இல் அது போக, 928 போக, மிஞ்சிய ஓராயிரம் பைட்டில்தான் லிங்கர் இரண்டு ஆண்டுகளாகக் காலை மடக்கிக்கொண்டு தேடியிருக்கிறது.

ஸ்டாக்கை 64 கிலோபைட் ஆக்கிவிட்டேன். எம்மேப் மூலம் எடுப்பதால் தொட்ட பக்கங்களுக்கு மட்டுமே நினைவகம் செலவாகிறது, சர்வரில் பெரிய மாற்றம் தெரியவில்லை. -இசட் நவ்-வைச் சேர்க்காமலே நேற்று இரவு முழுவதும் ஓடியது. பாதி எழுதிய புகாரை அழித்துவிட்டேன்.

சிக்னல் ஸ்டாக்கையும் திறந்து பார்த்தேன். மின்சிக்ஸ்டிகேஎஸ்இசட் எல்லாம் இல்லை. 2048 என்று நானே கையால் எழுதி வைத்திருக்கிறேன், பக்கத்தில் "தாராளம்" என்று ஒரு குறிப்புடன்.