அவுட்போர்டு காலில் வெள்ளைப் பொடி. ஆனோடோ தேயவே இல்லை

மஹேபூர்_பிரோக்:
வணக்கம். ஃபைபர் பிரோக் (சிறு மீன்பிடிப் படகு), 40 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு. மொரிஷியஸின் மஹேபூர் லகூனிலேயே கட்டிக் கிடக்கும். புரோப்பெல்லர் எவர்சில்வர். காலில் (எஞ்சினிலிருந்து நீருக்குள் இறங்கும் அலுமினியப் பகுதி) பெயிண்ட் கொப்பளித்து அடியில் வெள்ளைப் பொடி. போல்ட் தலைகளைச் சுற்றித்தான் அதிகம். ஆறு மாதம் முன் மாட்டிய துத்தநாக ஆனோடு புதிதுபோலவே இருக்கிறது. இன்னும் இரண்டு சேர்த்தால் அரிப்பு நிற்குமா?

கடல்மின்:
சேர்க்காதீர்கள், முதலில் இருப்பதைப் பாருங்கள். ஆனோடு என்பது மற்ற உலோகத்துக்குப் பதிலாகக் கரைவதற்கென்றே மாட்டும் உலோகத் துண்டு. அது கரையவில்லை என்றால் அதற்குப் பதிலாகக் கால் கரைகிறது. எவர்சில்வர் புரோப்பெல்லரும் அலுமினியக் காலும் உப்புநீரில் ஒரு பேட்டரி மாதிரி. மூன்றாவதாக ஆனோடு அந்தச் சுற்றில் சேராவிட்டால் அலுமினியமே இரை.

மூன்று காரணங்கள் இருக்கலாம். ஆனோடு மேல் பெயிண்ட் அடித்திருப்பார்கள். அல்லது அது உட்காரும் இடத்தில் பெயிண்டோ துருப்பொடியோ மின்தொடர்பைத் தடுக்கும். அல்லது காலைத் தூக்கித் தூக்கிக் காயவிட்டதில் துத்தநாகத்தின் மேல் கடினமான ஓடு படிந்திருக்கும்.

மல்டிமீட்டரை ஓமில் வையுங்கள். ஒரு முனை ஆனோடில், மறுமுனை காலில் சுரண்டிய வெற்று உலோகத்தில். 1 ஓமுக்குக் கீழே வர வேண்டும்.

மஹேபூர்_பிரோக்:
பார்த்தேன் அண்ணா, 40 ஓமுக்கு மேல் காட்டுகிறது. மெக்னீசிய ஆனோடு இன்னும் வலுவானது என்கிறார்களே, அதை மாட்டலாமா?

கடல்மின்:
அங்கேதான் கோளாறு, தம்பி. ஆனோடைக் கழற்றி, உட்காரும் இடத்தையும் போல்ட் துளையையும் 120 நம்பர் உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்து, மீண்டும் இறுக்கி அளந்து பாருங்கள். இரும்புக் கம்பிப் பிரஷ் வேண்டாம். அதன் துகள்கள் அலுமினியத்தில் பதிந்து புதுப் புள்ளிகளில் அரிப்பைத் தொடங்கும்.

மெக்னீசியம் நன்னீருக்கு. கடலில் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்கு முன் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் கால் பரப்பில் காரம் உண்டாகி, பெயிண்டையே உரித்துவிடும். அலுமினியம் அமிலத்தில் கரைவதுபோலவே காரத்திலும் கரையும். எனவே துத்தநாகம், அதைவிட அலுமினிய உலோகக்கலவை ஆனோடு. காலை அடிக்கடி தூக்கிக் காயவிடும் இடத்தில் அலுமினியக் கலவையே நல்லது. பாதி தேய்ந்ததும் மாற்றுங்கள், முழுதும் தீரக் காத்திருக்க வேண்டாம்.

காலைத் தூக்கினால் முழுதும் தூக்குங்கள். ஆனோடு வெளியே, அடித்துடுப்பு (காலின் அடிநுனித் தகடு) மட்டும் நீருக்குள் என்று நின்றால் அந்தத் துடுப்புக்குக் காவலே இல்லை.

போல்ட்_பசை:
போல்ட் தலை விஷயம் தனி. எவர்சில்வர் போல்ட்டை உலர்வாக அலுமினியத்தில் முறுக்கினால் மரைக்குள் உப்பு நின்று, ஒரு நாள் கழற்றும்போது போல்ட் ஒடியும். டெஃப்-ஜெல் அல்லது டியூராலாக் பசையை மரையிலும் வாஷருக்கு அடியிலும் பூசுங்கள். செம்பு அல்லது கிராஃபைட் கலந்த கிரீஸ் வேண்டவே வேண்டாம். இரண்டும் அரிப்பைக் கூட்டும். ஆனோடின் போல்ட்டுக்கு மட்டும் இந்தப் பசை வேண்டாம், அங்கே உலோகம் உலோகத்தைத் தொட வேண்டும்.

கொப்பளித்த இடத்தைச் சுரண்டி, நன்னீரில் கழுவி உலர்த்தி, அன்றைக்கே இரண்டு பாகம் கலக்கும் எபாக்சி ப்ரைமர் அடியுங்கள். தள்ளிப்போட்டால் ஆக்சைடு படிந்து ப்ரைமர் பிடிக்காது. படகு அடியில் பாசி தடுக்கும் பெயிண்ட் செம்பு ஆக்சைடு வகையா? அதைக் காலில் அடிக்கக் கூடாது. படகில் அடிக்கும்போதும் எஞ்சின் பிடியைச் சுற்றி குறைந்தது 40 மில்லிமீட்டர் இடம் விட்டு நிறுத்துங்கள்.

குழாய்த்தண்ணீர்:
உள்ளே ஓடும் நீர்ப்பாதையை மறந்துவிடாதீர்கள், அதுவும் அலுமினியம்தான். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் 10 முதல் 15 நிமிடம் நன்னீர் விட வேண்டும். காதுமூடி போன்ற இணைப்பை மாட்டி எஞ்சினை ஓட்டுவதானால், தெர்மோஸ்டாட் (சூடேறினால் நீர்ப்பாதையைத் திறக்கும் வால்வு) திறக்கும் அளவு சூடேற வேண்டும். இல்லாவிட்டால் சிலிண்டரைச் சுற்றிய உப்பு அப்படியே இருக்கும். எஞ்சினில் தனிக் கழுவு குழாய் இருந்தால் எஞ்சினை நிறுத்தித்தான் பல மாடல்களில் விடுவார்கள், கையேட்டைப் பாருங்கள்.

குழாய்த்தண்ணீர் தட்டுப்பாடான நாட்களில் 200 லிட்டர் பீப்பாய் போதும். நீர் நுழைவுத் துளைகள் மூழ்கும் மட்டத்துக்கு நிரப்பி, நியூட்ரலில் ஓட்டுங்கள். முதல் நீரில் எஞ்சின் உப்பு கலந்துவிடும், அதைக் கொட்டி ஒரு முறை மாற்றி ஓட்டினால்தான் பலன்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்கள் பலவற்றில் சிலிண்டர் பிளாக்கிலும் தெர்மோஸ்டாட் மூடிக்குள்ளும் சிறிய ஆனோடுகள் உண்டு. வெளியே தெரியாததால் யாரும் பார்ப்பதில்லை. 100 மணி நேர சர்வீஸில் அவற்றையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மஹேபூர்_பிரோக்:
தேய்த்து இறுக்கியதில் 0.4 ஓம் வந்துவிட்டது. உள் ஆனோடுகளை வரும் சர்வீஸில் பார்க்கச் சொல்கிறேன். நன்றி அண்ணா.