கூரை ஒழுகுகிறது, ஹோம் வாரண்டிக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள்

ஃபிரிஸ்கோ_மல்லி:
டெக்சாஸில் ஃபிரிஸ்கோ பக்கம் ஒரு பழைய வீடு வாங்கிக் குடிவந்திருக்கிறோம். வீட்டில் ஏதாவது பழுதானால் ஆள் அனுப்பிச் சரிசெய்து தரும் ஹோம் வாரண்டியை விற்றவரே ஓராண்டுக்கு எடுத்துக் கொடுத்தார். கூரை ஒழுக்குக்கான கூடுதல் பிரிவும் அதில் உண்டு. போன வார மழையில் மாடிப் படுக்கையறை சீலிங்கில் தோசைக்கல் அளவுக்குக் கறை. சர்வீஸ் கட்டணம் 85 டாலர் கட்டியதும் ஆள் வந்து ஏறிப் பார்த்தார். ஷிங்கிள் (கூரை ஓடு) நன்றாகத்தான் இருக்கிறதாம். கூரைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பாத்ரூம் வெண்ட் பைப்பை (காற்றுக் குழாய்) சுற்றியிருக்கும் ரப்பர் வளையம் வெயிலில் வெடித்து, அதன் வழியாகத் தண்ணீர் இறங்குகிறதாம். மறுநாளே கம்பெனியிலிருந்து மின்னஞ்சல்: இது கவரேஜில் வராது. இது கூரை ஒழுக்கு இல்லையென்றால் வேறு எதுதான் கூரை ஒழுக்கு? வீட்டு இன்சூரன்ஸில் க்ளெய்ம் போடச் சொல்கிறார் கணவர். எனக்குத் தயக்கமாக இருக்கிறது.

பழைய_அட்ஜஸ்டர்:
இன்சூரன்ஸ் அட்ஜஸ்டராக, அதாவது க்ளெய்முக்குச் சேதத்தை மதிப்பிடுபவனாக, டாலஸ் வட்டாரக் கூரைகளில் பல வருஷம் ஏறி இறங்கியவன் நான். பெயர்தான் வாரண்டி, உள்ளே இருப்பது ஒரு சர்வீஸ் ஒப்பந்தம். கூரை என்றால் என்ன என்பதையும் அவர்களே அதில் எழுதி வைத்திருப்பார்கள். பெரும்பாலும், ஆள் புழங்கும் அறைக்கு மேலே, பழசாகிப்போனதால் வரும் ஒழுக்குக்கு ஒட்டுப்போட்டுத் தருவார்கள், அவ்வளவுதான். ஸ்கைலைட், சிம்னி, ஃபிளாஷிங் (இணைப்புகளில் நீர் புகாமல் தடுக்கும் தகடு), கட்டர் (மழைநீர் வடிகால்), வெண்ட், கராஜ் மேல்கூரை எல்லாம் விலக்குப் பட்டியலில் போய் உட்கார்ந்துகொள்ளும். நான் பார்த்த ஒழுக்குகள் அநேகமாக அந்த இடங்களில்தான் தொடங்கியிருக்கின்றன! நனைந்த சீலிங்குக்குக் காசு வராது. ஆலங்கட்டி, காற்று என்றால் இன்சூரன்ஸைப் பார் என்பார்கள். எல்லாவற்றுக்கும் மேல் ஓர் உச்சவரம்பு வேறு.

இருந்தாலும் அந்த மின்னஞ்சலோடு விட்டுவிடாதீர்கள். எந்தப் பிரிவின்படி மறுக்கிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். விலக்குப் பட்டியலில் வெண்ட், ஃபிளாஷிங் பேச்சே இல்லையென்றால் தாராளமாகச் சண்டை போடலாம். டெக்சாஸில் இந்தக் கம்பெனிகளைக் கண்காணிப்பது டிடிஎல்ஆர் என்ற மாநிலத் துறை, புகாரை அங்கே கொடுக்கலாம்.

இன்சூரன்ஸ்காரர்களும் ரப்பர் வளையத்துக்குத் தரமாட்டார்கள், அது தேய்மானம். உள்ளே நனைந்ததற்குச் சில பாலிசிகளில் கிடைக்கும். அதற்கு முன்னால் டிடக்டிபிள், அதாவது க்ளெய்மில் முதலில் நம் கையிலிருந்து போகும் தொகை, எவ்வளவு என்று பாருங்கள்.

கணக்குப்பிள்ளை75:
அதேதான். எங்கள் வீடு 4,50,000 டாலருக்கு இன்சூர் ஆகியிருக்கிறது, டிடக்டிபிள் 1 சதவீதம். முதல் 4,500 டாலர் நம் கைக்காசு. வளையம் மாற்றி, சீலிங்கைச் சரிபண்ணினாலும் அதில் கால்வாசிகூட வராது என்று நினைக்கிறேன். க்ளெய்ம் போட்டால் அது குளூ ரிப்போர்ட்டில் (இன்சூரன்ஸ் கம்பெனிகள் பார்க்கும் பழைய க்ளெய்ம் பதிவு) 7 வருஷம் வரை நிற்கும். அடுத்த பாலிசி வாங்கும்போது எட்டிப் பார்க்கும்.

ஆலன்_வாசி:
எல்லோரும் வாரண்டியைத் திட்டுகிறீர்கள், எங்களுக்குக் கொடுத்தார்கள். முதலில் "நீங்கள் வாங்கும் முன்பே இருந்த கோளாறு" என்று மறுத்தார்கள். கூரையில் குறை எதுவும் இல்லை என்று எழுதியிருந்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டை அனுப்பியதும் ஆளை அனுப்பி ஒட்டுப்போட்டார்கள். அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபிரிஸ்கோ_மல்லி:
எல்லோருக்கும் நன்றி. ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். ஃபிளாஷிங், வெண்ட் இரண்டும் விலக்குப் பட்டியலில் பளிச்சென்று இருக்கின்றன. கைக்காசிலேயே மாற்றிவிடுகிறோம். இன்னொரு கேள்வி. ஒரு ரூஃபிங்காரர் கதவைத் தட்டி, ஆலங்கட்டிச் சேதம் என்று க்ளெய்ம் போட்டு முழுக் கூரையும் புதிதாகப் போட்டுத் தருகிறேன், டிடக்டிபிளை நானே பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். நம்பலாமா?

பழைய_அட்ஜஸ்டர்:
கதவைச் சாத்துங்கள். அப்படி டிடக்டிபிளைத் தள்ளுபடி செய்வது 2019 செப்டம்பரில் அமலுக்கு வந்த டெக்சாஸ் சட்டப்படி குற்றம். நீங்கள் அதைக் கட்டியதற்கு அத்தாட்சி கொடு என்று இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

வேறு நல்ல ஆளைக் கூப்பிட்டு, ஏறினது ஏறினபடியே எல்லா பைப் வளையங்களையும் மாற்றச் சொல்லுங்கள், எல்லாம் ஒரே வயதுதான். அட்டிக்கில் (கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவிலுள்ள இடம்) இன்சுலேஷன் ஈரமாக இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சீலிங் நன்றாகக் காய்ந்த பிறகு, முதலில் கறை மறைக்கும் ப்ரைமர், அப்புறம்தான் பெயிண்ட். வெறும் பெயிண்டை அடித்தால் கறை மறுபடியும் மேலே வந்துவிடும்.