பொட்டல் என்று நாம் சொல்லும் இடத்தில் நீங்கள் என்ன பார்த்தீர்கள்?

புதுக்கோட்டையிலிருந்து:

நண்பர்களே, ஐந்து ஆண்டுகளாக மனத்தில் கிடக்கும் ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். உங்களுக்கும் இதுபோல நேர்ந்திருந்தால் சொல்லுங்கள்.

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு செம்புறாங்கல் மேடு இருக்கிறது. கிராமக் கணக்கில் மேய்க்கால் புறம்போக்கு. சித்திரை, வைகாசியில் போய்ப் பார்த்தால் செக்கச்செவேலென்று சரளை மட்டும்தான் தெரியும். ஊரில் அதற்குப் பெயரே பொட்டல். மரக்கன்று நட இடம் தேடி ஒரு குழுவினர் வந்தபோது அந்த மேட்டைக் காட்டியவன் நான்தான். பொக்லைன் வைத்து வரிசை வரிசையாகக் குழி எடுத்தோம். இரண்டு நாளில் பாதி மேடு முடிந்துவிட்டது. கார்த்திகைக் கடைசி, மழை விட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது.

பக்கத்து வயல்களில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி (மந்தை மேய்ப்பவர்) ஒருவர், எழுபது வயதிருக்கும், குழிக்கரையில் வந்து நின்றார். வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அழுகண்ணி இருக்கிற இடமாயிற்றே, தம்பி" என்றார். சித்த வைத்தியத்தில் தொழுகண்ணி, அழுகண்ணி என்று சேர்த்துச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், செடியைப் பார்த்ததில்லை. எங்கே என்று கேட்டேன். என் காலைக் காட்டினார்.

குனிந்து பார்த்தும் தெரியவில்லை. உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சற்றே பெரிய செந்நிற வட்டம், மண்ணோடு மண்ணாக ஒட்டிக் கிடந்தது. சிறு கரண்டி போன்ற இலைகள் சுற்றிலும் அடுக்கியிருந்தன. ஒவ்வோர் இலை விளிம்பிலும் மயிர்கள், ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு துளி. மணி பதினொன்று இருக்கும். புல்லில் கிடந்த பனியெல்லாம் எப்போதோ காய்ந்துவிட்டது; இந்தத் துளி காயவில்லை. விரலால் தொட்டேன், பசை நூலாக இழுத்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கொசு அளவுப் பூச்சி வந்து இலை ஓரத்தில் உட்கார்ந்தது. கால் ஒட்டிக்கொண்டது. விளிம்பு மயிர்கள் உள்பக்கமாக மடங்கத் தொடங்கின. மனத்துக்குள் இருபது எண்ணுவதற்குள் பூச்சி இலையின் நடுவில் இருந்தது.

அதன்பிறகுதான் தேடிப் படித்தேன். செம்புறாங்கல் மண்ணில் தழைச்சத்து மிகக் குறைவு. மண் தராததைப் பூச்சியிடமிருந்து எடுத்துக்கொள்கிறது இந்தச் செடி. அதற்கு வேண்டியது மெலிந்த மண், கொஞ்ச நாள் ஈரம், மறைப்பில்லாத வெயில். நிழல் விழுந்தாலும் சருகு மூடினாலும் அதற்குப் பிழைப்பில்லை. ஆக, நாங்கள் எந்த நிலத்தை வளமாக்கப் போனோமோ, அந்த வளமின்மையை நம்பித்தான் அது அங்கே இருந்தது.

அன்று மாலை வரை அந்த மேட்டில் மண்டியிட்டே நகர்ந்தேன். சற்றுத் தள்ளி இன்னொரு அழுகண்ணி, ஒரு சாண் உயரத்தில் நிமிர்ந்து, நூல் போன்ற இலைகளோடு. நீர் கசியும் ஓரத்தில் குண்டூசித் தலை அளவு மஞ்சள் பூக்கள்; அதுவும் பூச்சியுண்ணும் செடிதான் என்று பிறகு தெரிந்தது. அதன் பொறி ஈரமண்ணுக்குள் இருக்கிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு பைகள் அவை. ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் நீரோடு சேர்த்து உயிரியை உள்ளே உறிஞ்சிவிடும். மேட்டின் முதுகில் விஷ்ணுகிராந்தியின் நீலம், ஓரிதழ்தாமரையின் இளஞ்சிவப்பு, நிலப்பனையின் மஞ்சள். தோளில் கிடந்த துண்டை விரித்து அதன் அளவுக்குள் எத்தனை வகை என்று எண்ணினேன். பதினேழு. அதில் ஒன்பதுக்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

மறுநாள் பொக்லைனை நிறுத்தச் சொன்னேன். பாதி மேடு தப்பியது. மறுபாதியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

கோவில்பட்டிப் பக்கமிருந்து:

அண்ணா, நீங்கள் மண்டியிட்டு நகர்ந்தேன் என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு எங்கள் கரிசல் வரப்பு நினைவுக்கு வந்தது.

எங்கள் பக்கம் ஆடுதின்னாப்பாளை இல்லாத காடு கிடையாது. பருத்திக்கு நடுவே களையாக முளைக்கும், பிடுங்கிப் போடுவோம். பெயரிலேயே சொல்லிவிட்டார்கள், ஆடுகூடத் தின்னாது. இலையைக் கசக்கினால் மூக்கைச் சுளிக்கவைக்கும் நெடி. அதன் பூவை நான் முப்பத்தெட்டு வயது வரை பார்த்ததில்லை. இலைக்கடியில் சாய்ந்து கிடக்கும், கருஞ்சிவப்பு நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சின்னக் குழல். பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்திருந்த என் மகள்தான் கேட்டாள், "அப்பா, இந்தப் பூவுக்குள் ஏன் ஈ ஓடுகிறது?"

கருவேல முள்ளால் குழலை நீளவாக்கில் கீறிப் பார்த்தோம். அடியில் பயறு அளவுக்கு உருண்டையான ஓர் அறை. அதற்குள் மூன்று பொடி ஈக்கள் உயிரோடு இருந்தன. குழலின் உட்சுவர் முழுக்க மெல்லிய மயிர், எல்லாம் உள்நோக்கிச் சாய்ந்திருந்தது. உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. பக்கத்தில் சற்று வாடத் தொடங்கிய இன்னொரு பூவைக் கீறினோம். மயிர்கள் சுருங்கிப்போயிருந்தன. அறை காலி.

நடப்பது இதுதான். பூ திறந்ததும் முதலில் பெண்பாகமான சூல்முடிதான் பக்குவமாக இருக்கும். நெடிக்கு மயங்கி வந்த ஈ, வேறொரு பூவிலிருந்து சுமந்துவந்த மகரந்தத்தை உள்ளே சேர்த்துவிடும். அதைப் பூ விடாது. தன் மகரந்தப்பைகள் வெடிக்கும் வரை உள்ளேயே வைத்திருந்து, புதிய தூளை அதன் முதுகில் ஏற்றி, பிறகு மயிரைத் தளர்த்தி அனுப்பும். ஈயைத் தின்பதில்லை. உங்கள் அழுகண்ணிக்கும் இதற்கும் அங்கேதான் வேறுபாடு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கறுப்புச் சிறகில் சிவப்புப் புள்ளிகளோடு, உடம்பே சிவப்பாக ஒரு பெரிய பட்டாம்பூச்சி பறக்குமே, அதன் புழு வளர்வது இந்தக் குடும்பத்துச் செடிகளில்தான். ஆடு ஒதுக்கும் நஞ்சை அந்தப் புழு உடம்பில் சேர்த்துக்கொள்கிறது. அதனால் பறவைகள் அதைத் தொடுவதில்லை. இப்போது எங்கள் பக்கம் களைக்கொல்லி அடிக்காத வரப்பைத் தேட வேண்டியிருக்கிறது. என் காட்டில் கிழக்கு வரப்பை மட்டும் நான்கு ஆண்டுகளாக மருந்து அடிக்காமல் விட்டிருக்கிறேன். பக்கத்துக் காட்டுக்காரருக்கு அதில் வருத்தம்தான். பேசிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஊட்டியிலிருந்து:

ஐயா, உங்கள் அழுகண்ணிக்கு இங்கே ஓர் உறவு இருக்கிறது. நீலகிரிப் புல்வெளியில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் மெல்லிய தண்டோடு எழும். மற்ற மாதங்களில் மண்ணுக்கடியில் சிறு கிழங்காக உறங்கும்.

பொட்டல் என்ற சொல்லால் அடிபட்ட நிலம் எங்களுடையதைப் போல வேறு இருக்காது. பள்ளங்களில் சோலைக்காடு, மேடுகளில் புல், இதுதான் இந்த மலையின் இயல்பு. புல்லைப் பார்த்தவர்கள் காடு அழிந்த இடம் என்று எண்ணினார்கள். சீகை (வாட்டில் மரம்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் என்று நட்டுக்கொண்டே போனார்கள். சீகை ஆஸ்திரேலியாவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. இன்று நடாமலே பரவுகிறது. ஆனால் 1990-களில் இங்கே சதுப்பின் அடிமண்ணை ஆராய்ந்தவர்கள் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே புல் இருந்ததற்குச் சான்று கண்டார்கள். மனிதன் வெட்டி உண்டான வெளி இல்லை இது. குளிர்கால உறைபனியில் சோலை மரத்தின் இளங்கன்று மேட்டில் பிழைப்பதும் கடினம்.

இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களின் கோயில் கூரையை வேய ஒரு புல் வேண்டும். அது சதுப்பில்தான் வளரும், எல்லாச் சதுப்பிலும் வளராது. கூரை மாற்றும் காலத்தில் ஒரு பெரியவரோடு அந்தப் புல்லைத் தேடிப் போயிருக்கிறேன். அவர் சிறுவயதில் அறுத்த இடம் சீகைக் காடாகியிருந்தது. நிழலுக்குள் நின்று, "இங்கேதான்" என்று மட்டும் சொன்னார். அடுத்த இடத்துக்கு நடந்தோம். அங்கே உருளைக்கிழங்குத் தோட்டம். மூன்றாவது இடத்தில்தான் கிடைத்தது, அதுவும் கூரைக்குப் போதவில்லை.

2018-இல் குறிஞ்சி பூத்தபோது வண்டி வண்டியாக வந்தவர்கள் எல்லோரும் பூவைப் பார்த்தார்கள். அந்தப் பூ நின்றதும் இதே புல்வெளியில்தான். அடுத்த பூப்பு 2030-இல்.

வவுனியாவிலிருந்து:

வணக்கம் அண்ணா. உங்கள் புதுக்கோட்டைக் கோயில்காடுகளைப் பற்றி வேறொரு சமயம் நீங்கள் எழுதியபோது பாலை, வீரை, காயா என்று மரங்களைச் சொன்னீர்கள். அவை மூன்றும் எங்கள் வன்னிக் காட்டின் மரங்கள். கடல் ஒன்றுதான் இடையில் கிடக்கிறது.

அம்மம்மா விறகுக்குப் போய் வரும்போது ஓலைப் பெட்டியில் பாலைப்பழம் கொண்டுவருவார். மஞ்சள் நிறம், விரல் நுனி அளவு. வாயில் போட்டால் தேன். நாலைந்து தின்றதும் பாலினால் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தேங்காயெண்ணெய் தடவித்தான் எடுக்க வேண்டும். வில்பத்துத் தேசியப் பூங்காப் பக்கம் ஜூன், ஜூலையில் கரடிகள் மரத்தில் ஏறி இதே பழத்தைத் தின்னும். பாலைக்கு வளர்ச்சி மிக மெதுவு. ஒரு மரம் ஆளாக ஒரு மனித ஆயுள் போதாது. வெட்டுவதற்கு ஒரு முற்பகல் போதும். எங்கள் வளவின் பின்னால் நின்ற பாலை, நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது இல்லை. அடிக்கட்டை மட்டும் இருக்கிறது. கோடாலி பட்டால் இப்போதும் இரும்பில் பட்டது போலச் சத்தம் வரும். இரண்டு ஆண்டுக்கு முன் பழத்தின் விதை போட்டேன். கன்று முழங்கால் அளவு வந்திருக்கிறது.

திருச்செந்தூர்ப் பக்கமிருந்து:

இதையெல்லாம் படித்துவிட்டு மரம் நடுவதே பிழை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நான் மரம் நடுகிறவன். எதை, எங்கே என்பதுதான் கேள்வி. குதிரைமொழித் தேரி என்னும் செம்மணல் மேட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் நிற்க வேண்டியது உடைமரம். குடை விரித்தாற்போலத் தட்டையான தலை. தென்னிந்தியாவையும் இலங்கையையும் விட்டால் உலகில் வேறெங்கும் இதற்கு இயற்கையான இடம் இல்லை. அதன் நெற்று விழும் காலத்தில் ஆடுகள் அடுத்த மரத்துக்கு ஓட்டமாய் ஓடும். இன்று அந்த இடத்திலெல்லாம் சீமைக்கருவேலம்.

நாற்றங்கால்களில் கேட்டுப் பார்த்தேன், உடைமரக் கன்று கிடைக்கவில்லை. ஒரு ஆட்டுக்காரர் வழி சொன்னார். நெற்றைத் தின்ற ஆடு அடையும் பட்டியில் விதை கிடக்கும், அதைப் பொறுக்கிப் போடு என்றார். மரத்தடியில் பொறுக்கிய விதையை விட இது சீக்கிரம் முளைக்கிறது. ஆட்டின் வயிற்றுக்குள் போய்வந்ததில் கெட்டித் தோல் இளகிவிடுகிறது. இப்போது அறுபது கன்று வைத்திருக்கிறேன். வேண்டியவர்கள் ஐப்பசியில் வந்து எடுத்துக்கொள்ளலாம். தேரிப் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் கொடுப்பேன்.

புதுக்கோட்டையிலிருந்து மீண்டும்:

எல்லோருக்கும் நன்றி. திருச்செந்தூர் ஐயா சொன்ன வரம்பு எனக்குப் பிடித்திருக்கிறது. வவுனியாத் தங்கைக்கு ஒன்று: எங்கள் கோயில்காட்டில் இந்த ஆண்டு காயா நன்றாகப் பூத்தது. இலையுதிர்ந்த கொம்பையெல்லாம் ஒட்டிக்கொண்டு நீலம் நீலமாக நின்றது.

மறுபாதி மேட்டைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். நட்ட கன்றுகளில் பெரும்பாலானவை முதல் கோடையைத் தாண்டவில்லை. பாறை போன்ற அடியில் வேர் இறங்கவில்லை. குழிகள் அப்படியே இருக்கின்றன. இந்த மார்கழியில் ஒவ்வொரு குழியாகப் போய்ப் பார்த்தேன். தோண்டிக் கொட்டிய மண்குவியல் மீது தும்பையும் நெருஞ்சியும்தான் வந்திருக்கின்றன. ஐந்து ஆண்டாகியும் அழுகண்ணி அதில் ஏறவில்லை. ஆனால் குழிக்கும் குழிக்கும் நடுவே மண் கலையாத சிறு திட்டுகளில், எண்ணிவிட்டேன், நாற்பத்தொரு செடி. வெள்ளைப் பூவோடு நின்றன.

கீதாரி இந்த ஆண்டு வரவில்லை. அவருடைய மகன் வந்திருந்தார். திட்டுகளைக் காட்டினேன். ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டாமல் சுற்றிக் கொண்டுபோனார்.

மேடு எந்த ஊரில் என்று தனிச்செய்தியில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். மருந்துக்கென்று வேரோடு பிடுங்கிப் போகிறவர்கள் உண்டு. ஆகையால் பொதுவில் எழுத மாட்டேன். பார்க்க மட்டும் வருகிறவர்கள் மழை விட்டு இருபது நாள் கழித்து வாருங்கள், நானே கூட்டிப் போகிறேன். செருப்பை மேட்டுக்கு வெளியே கழற்றிவிட வேண்டும்.