ஒரே மாதிரி இரண்டு யுஎஸ்பி போர்டுகள்: அனுமதியைப் பிரிப்பது எப்படி?

வணக்கம் நண்பர்களே. உபுண்டு 22.04 (லினக்ஸ்) கணினியில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணு போர்டு) சொல்லித் தருகிறேன். அவர்களுக்குத் தனிக் கணக்கு இருக்கிறது. அதே கணினியில் மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டாரை ஆன்-ஆஃப் செய்யும் ரிலே போர்டும் செருகியிருக்கும். இரண்டிலும் யுஎஸ்பி வழியாகக் கணினியோடு பேச வைக்கும் சிஎச்340 சிப்தான்.

முதலில் பிள்ளைகளின் கணக்கை டயலவுட் குழுவில் (இத்தகைய போர்டுகள் எல்லாவற்றையும் திறக்க அனுமதி உள்ள பயனர் குழு) சேர்த்தேன். அவர்கள் போர்டு திறந்தது, கூடவே மோட்டாரும் அவர்கள் கைக்குப் போய்விட்டது. அப்புறம் குழுவிலிருந்து நீக்கிவிட்டு யுடெவ் விதி (செருகும் கருவியை அடையாளம் கண்டு அனுமதி தரும் லினக்ஸ் விதி) எழுதினேன். தயாரிப்பாளர் எண்ணும் பொருள் எண்ணும் இரண்டுக்கும் ஒன்றேதான். ஒவ்வொரு சிப்புக்கும் தனியாக இருக்கும் வரிசை எண்ணை வைத்துப் பிரிக்கலாம் என்று பார்த்தால், என்னிடம் உள்ள சிப்களில் அது இல்லவே இல்லை. கழற்றி மாட்டினால் ‘டிடிஒய்யுஎஸ்பி0’, ‘1’ என்று கணினி போர்டுகளுக்கு வைக்கும் பெயர்களும் இடம் மாறிவிடுகின்றன.

இப்போது எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்பதைப் பார்த்து அனுமதி கொடுக்கிறேன். மோட்டாருக்கான துளையில் சிவப்பு டேப்கூட ஒட்டிவைத்தேன். நேற்று ஒரு பையன் தெரியாமல் மாற்றிச் செருக, மோட்டார் ஓடித் தொட்டி வழிந்தது. தண்ணீர் போனதைவிட, பிள்ளை பயந்துபோனதுதான் எனக்கு வருத்தம்.

வரிசை எண் உள்ள எஃப்டிடிஐ சிப் (சிஎச்340 செய்யும் அதே வேலையைச் செய்யும் வேறு நிறுவனச் சிப்) போர்டு வாங்குவதுதான் வழியா? இல்லை, துளை மாறினாலும் போர்டை அடையாளம் காணும் விதி யாராவது எழுதியிருக்கிறீர்களா? விதிக் கோப்பைப் பகிர்ந்தால் பெரிய உதவியாக இருக்கும்.