காலை நேர மின்சார ரயிலுக்குப் பயணச்சீட்டு எடுக்க வழி கேட்கிறேன்

அனைவருக்கும் வணக்கம். சென்னைப் புறநகர் மின்சார ரயிலில், மாதத்தில் நான்கைந்து நாட்கள் என் தாயாரைக் காலை எட்டு மணி வாக்கில் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறேன். அவ்வளவு குறைவான பயணத்துக்கு சீசன் டிக்கெட் கட்டுப்படியாகாது என்பதால், ஒவ்வொரு முறையும் வரிசையில்தான் நிற்க வேண்டியிருக்கிறது.

எங்கள் நிலையத்தில் இரண்டு கவுன்ட்டர்கள் இருந்தும் காலையில் ஒன்றுதான் திறந்திருக்கும். தானியங்கி இயந்திரத்தின் திரையோ, ஊர்ப் பெயரை நகத்தால் நான்கு முறை அழுத்தினாலும் பக்கத்து ஊரையே காட்டுகிறது. கைபேசிச் செயலியில் எடுக்கலாம் என்றால், நிலையத்துக்குள் வந்தபின் சுவரில் ஒட்டியுள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்ய வேண்டும். அந்தத் தாள் பாதி கிழிந்து பல வாரங்களாகிவிட்டன. சென்ற செவ்வாய்க்கிழமை எங்கள் முறை வருவதற்குள் இரண்டு வண்டிகள் போய்விட்டன. முழங்கால் வலியோடு தாயார் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. சீட்டில்லாமல் ஏறினால் கட்டணத்துடன் குறைந்தது 250 ரூபாய் அபராதம் என்பது ஒருபுறமிருக்க, அப்படிப் பயணிக்க எனக்கு மனமும் இல்லை.

வீட்டிலிருந்து கிளம்பும்போதே செயலியில் சீட்டு எடுத்துவிடுபவர்கள், இருப்பிடத்தைச் சரியாகக் காட்டாமல் செயலி மறுக்கும்போது என்ன செய்கிறீர்கள்? கியூஆர் தாளை மாற்றவும் இரண்டாவது கவுன்ட்டரைத் திறக்கவும் யாரிடம் எழுத்துமூலம் முறையிட்டால் நடவடிக்கை இருக்கும்? முன்பு மனு எழுதிப் பலன் கண்டவர்கள் அதன் வாசகத்தை இங்கே பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும். அடுத்த மருத்துவமனைப் பயணம் வரும் வியாழக்கிழமை.